பென்ஷனும் பாஸ்போர்ட்டும்: வாசகர் கேள்வி – பதில்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்
கே: மகன் அட்லாண்டாவில் இருக்கிறான். "பத்து வருஷத்துக்கு விசா கொடுத்துவிட்டார்கள், நிம்மதியாக வந்து இருங்கள் அப்பா" என்கிறான். தொடர்ந்து அவ்வளவு காலம் இருக்கலாமா?

ப: முடியாது சார். அந்தப் பத்து வருடம் கதவைத் தட்டுவதற்கான அனுமதி. உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பதை, விமானம் இறங்கிய பிறகு இமிகிரேஷன் அதிகாரிதான் முடிவு செய்கிறார். பி-2 விசாவுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம். அந்தத் தேதி பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவில் இருக்காது. ஐ-94 என்ற பதிவில் இருக்கும். போய்ச் சேர்ந்த வாரமே மகனிடம் சொல்லி இணையத்திலிருந்து அதை எடுத்து அச்சடித்து, தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். ஒரு நாள் தாண்டித் தங்கினாலும் பத்து வருட விசா செல்லாமல் போய்விடும். உடம்பு முடியாமல் கூடுதலாக இருக்க வேண்டி வந்தால், தேதி முடிவதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

குடும்பத் தலைவி, காரைக்குடி
கே: மகள் துபாயில், மகன் சிகாகோவில். இரண்டு வீட்டுக்கும் மசாலா வறுத்து அரைத்து எடுத்துப் போக ஆசை. தடை ஏதும் உண்டா?

ப: துபாய்க்குக் கசகசா மட்டும் வேண்டவே வேண்டாம். நமக்கு அது குருமாவில் அரைத்து ஊற்றுகிற சாமான். அமீரகம், சவூதி, சிங்கப்பூர் மூன்றிலும் அது அபினிச் செடியின் விதை. போதைப்பொருள் தடுப்புக்காரர்களின் பட்டியலில் இருக்கிறது. மசாலாப் பொடியில் சேர்த்து அரைத்திருந்தால் அந்தப் பொடியையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மாத்திரையிலும் இதே கவனம் வேண்டும். டிரமடால், கோடின் சேர்ந்த வலி மாத்திரையோ இருமல் மருந்தோ உங்கள் சீட்டில் இருந்தால், அமீரக அரசின் முன் அனுமதி இல்லாமல் பெட்டியில் வைக்காதீர்கள்.

சிகாகோ கதை வேறு. அங்கே பயப்படுவது பூச்சிக்கு. பச்சைக் கறிவேப்பிலையில் தொற்றிவரும் ஒரு பூச்சி ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களைக் காய வைக்கும் நோயைப் பரப்புவதால் கறிவேப்பிலைக்குத் தடை. கப்ரா வண்டு பயத்தால் அரிசிக்கும் கொண்டைக்கடலைக்கும் தடை. ஆட்டுக்கறி ஊறுகாயும் போகாது. வடாம், வற்றல், பருப்புப் பொடி, மாங்காய் ஊறுகாய் எல்லாம் தாராளமாகப் போகும். எது வைத்திருந்தாலும் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறது என்று சுங்க அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். சொன்னால் அதிகபட்சம் பொட்டலம் போகும். மறைத்தால் அபராதமும் சேர்ந்து போகும்.

ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், ஈரோடு
கே: விமானம் ஏறுவதற்கு முன் எந்த டாக்டரைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

ப: பல் டாக்டரை. அடுத்து கண் டாக்டரை. வருகையாளர் காப்பீடுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் சேர்ப்பதில்லை. ஆட்டம் காண்கிற பல்லையும் முற்றிய கண்புரையையும் ஈரோட்டிலேயே முடித்துக்கொண்டு புறப்படுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கோவை
கே: எனக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. அமெரிக்கா போக மூன்று காப்பீட்டுத் திட்டங்களைக் காட்டுகிறார்கள். விலை குறைந்ததை எடுத்துக்கொள்ளலாமா?

ப: விலையைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது திட்டத்தின் வகை. ஒரு வகை, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று தொகையை முன்கூட்டியே கட்டிப்போட்டுவிடும். பில் எவ்வளவு வந்தாலும் மீதி உங்கள் மகன் தலையில். இன்னொரு வகை, ஆரம்பத்தில் ஒரு தொகையை நீங்கள் கட்டியதும் அதற்கு மேல் வருவதைப் பெருமளவு ஏற்கும். விலை குறைந்தது அநேகமாக முதல் வகையாகத்தான் இருக்கும். அமெரிக்க மருத்துவமனையில் ஓர் இரவு தங்கினால் வருகிற பில்லுக்கு அது எங்கும் காணாது.

இரண்டாவது, உங்கள் சர்க்கரை. பழைய நோய்க்கு இத்திட்டங்கள் தொடர் சிகிச்சை தருவதில்லை. நல்ல திட்டமாக இருந்தால், பழைய நோய் திடீரென்று முற்றி உயிருக்கே ஆபத்து என்கிற கட்டத்துக்கு மட்டும் ஒரு வரம்புக்குள் பணம் தரும். அதற்கும் நிபந்தனை உண்டு: அறிகுறி தெரிந்து இத்தனை மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நெஞ்சு வலியோடு படுத்துக்கொள்வது நம்மவர் வழக்கம். அந்த ஓர் இரவில் உயிரும் போகலாம், காப்பீடும் போகலாம். வயது எழுபதைத் தாண்டினால் பல திட்டங்களில் உச்சவரம்பு இறங்குகிறது, எண்பதில் இன்னும் சுருங்குகிறது. உங்கள் வயதுக்கான வரியைத் தேடிப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மூன்றாவது விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "அமெரிக்காவில்தானே இருக்கப் போகிறோம்" என்று இந்தியாவிலுள்ள மருத்துவக் காப்பீட்டின் பிரீமியத்தைக் கட்டாமல் விடாதீர்கள். காலாவதியாகிவிட்டால் இந்த வயதில் புதிதாகத் தொடங்க வேண்டும். பழைய நோய்களுக்கு மறுபடி மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். திரும்பி வருகிற வயதில்தான் அது உங்களுக்கு அதிகம் தேவைப்படும்.

கிரீன் கார்டு பெற்ற தம்பதி, நியூ ஜெர்சி
கே: எங்களுக்கு வயது 67, 64. மெடிகேர் எப்போது கிடைக்கும்?

ப: இரண்டு கணக்கு சேர வேண்டும்: வயது 65, கிரீன் கார்டோடு அங்கே தொடர்ந்து ஐந்து ஆண்டு வாசம். அமெரிக்காவில் வேலை செய்து வரி கட்டிய வரலாறு இல்லாததால் இலவசமாகக் கிடைக்காது. மாதச் சந்தா கட்டி வாங்கலாம். 2025-இல் மருத்துவமனைப் பிரிவுக்கு 518 டாலர், டாக்டர் செலவுப் பிரிவுக்கு 185 டாலர், ஒருவருக்கு. இந்திய பென்ஷனில் இதைக் கட்டுவது கஷ்டம். ஆகவே கிரீன் கார்டுக்கு விண்ணப்பம் போடும் முன்பே, யார் கட்டப் போகிறார்கள் என்று மகனோடு உட்கார்ந்து பேச வேண்டும். அந்த ஐந்து ஆண்டுக்குள் வெறும் கையோடு இருக்கத் தேவையில்லை. ஒபாமா கேர் என்று சொல்லும் காப்பீட்டுச் சந்தையில் கிரீன் கார்டு உள்ளவர்கள் திட்டம் வாங்கலாம்.

ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர், மதுரை
கே: கிரீன் கார்டு வந்துவிட்டது. ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் மதுரையில் என்று இருந்துவிடலாமா?

ப: கிரீன் கார்டு அங்கே குடியிருப்பதற்காகக் கொடுப்பது. ஆண்டுக்கு ஒரு முறை தலையைக் காட்டிவிட்டு வருகிறவர்களிடம் விமான நிலையத்தில் கேள்வி கேட்பார்கள். ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால், கார்டைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்ள இடமுண்டு. நீண்ட காலம் மதுரையில் இருக்க வேண்டிய காரணம் இருந்தால், மறுநுழைவு அனுமதிக்கு அமெரிக்காவில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். இரண்டு ஆண்டு வரை கொடுப்பார்கள். மனம் மதுரையில்தான் என்றால் கார்டே வேண்டாம், பி-2 போதும். உங்களுக்கு என் வாக்கு அதற்குத்தான்.

ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், எடிசன், நியூ ஜெர்சி
கே: நவம்பரில் இந்தியா வர இயலாது. உயிர்வாழ்ச் சான்று கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடுமா?

ப: நிற்கும். சான்று போய்ச் சேர்ந்ததும் நிலுவையோடு திரும்ப வரும் என்றாலும், அதுவரை படுகிற பாடு பெரிது. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். நியூயார்க் இந்தியத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டையும் பென்ஷன் புத்தகத்தையும் காட்டிச் சான்று வாங்கி, உங்கள் பென்ஷனைத் தருகிற வங்கிக் கிளைக்கு அனுப்புங்கள். அனுப்பிய ரசீதும் ஒரு நகலும் கையில் இருக்கட்டும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம்: 2014-இல் வந்த ஜீவன் பிரமாண் முறையில், 2021 முதல் செல்போனில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம்.

தமிழக அரசு ஓய்வூதியர்கள் இதைப் படித்துவிட்டு நவம்பர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கருவூல நேர்காணலுக்கு மாதம் வேறு. புறப்படும் முன் கருவூலத்தில் ஒரு நடை போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், மெல்பர்ன்
கே: இங்கு வந்ததிலிருந்து இந்திய வங்கியின் ஓடிபி வருவதே இல்லை. பணம் இருந்தும் தொட முடியவில்லை.

ப: உங்கள் இந்திய சிம் கார்டு செத்துக்கொண்டிருக்கிறது. 90 நாள் பயன்பாடே இல்லாவிட்டால் எண்ணைத் துண்டிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. துண்டித்த எண் வேறொருவருக்கும் போகலாம். உறவினரிடம் சொல்லி இன்றே ரீசார்ஜ் செய்யச் சொல்லுங்கள், சர்வதேச ரோமிங்கை இயக்கச் சொல்லுங்கள். குறுஞ்செய்தி வாங்க டேட்டா தேவையில்லை. வங்கியில் மின்னஞ்சல் முகவரியையும் பதிந்து வையுங்கள். இனிப் புறப்படுகிறவர்கள் இந்த மூன்றையும் விமான நிலையம் போகும் முன்பே முடித்துவிட வேண்டும். சிம் கார்டை மகனுடைய பழைய போனில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்துவிடாதீர்கள். போனுக்கு மாதம் ஒரு முறையாவது உயிர் கொடுங்கள்.

அதே ஊரிலிருந்து இன்னொரு வாசகர், வயது 66
கே: ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகத் தங்க, கட்டணம் குறைந்த பெற்றோர் விசா இருக்கிறதாமே?

ப: இருக்கிறது. வரிசைதான் முப்பது ஆண்டுக்கு மேல். சீக்கிரம் கிடைக்கிற வகைக்கு ஒருவருக்குச் சுமார் 48,000 ஆஸ்திரேலிய டாலர்; அதிலும் பல ஆண்டு காத்திருப்பு. பேரன் வளர்வதைப் பார்க்கத்தான் ஆசை என்றால், மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குத் தரும் தற்காலிகப் பெற்றோர் விசாவை விசாரியுங்கள்.

பெயர் வெளியிட வேண்டாம், டல்லாஸ் புறநகர்
கே: 31 ஆண்டு பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். இங்கே காலை ஆறுக்கு எழுந்தால் இரவு பத்து வரை குழந்தைகள், சமையல், துணி. சொன்னால் மகள் வருத்தப்படுவாள். சொல்லாமலும் முடியவில்லை.

ப: அம்மா, உங்கள் கடிதம் போல் ஊருக்கு ஒன்றாக வருகிறது. கணவன் மனைவி இருவரும் எட்டேகாலுக்குக் காரில் கிளம்ப, கராஜ் கதவு இறங்குகிறது. உள்ளே ஒரு கைக்குழந்தை, நாலு வயதுப் பெரியவன், நீங்கள். வெளியே நடைபாதை இல்லாத தெரு. பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது. ஊரில் தங்கை எழுந்து போன் எடுக்கிற நேரத்தில் இங்கே ராத்திரி ஆகிவிடுகிறது. பேரக்குழந்தையைக் கொஞ்சுவது சந்தோஷம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்குப் பத்து மணி நேரம், விடுப்பில்லாமல் என்றால் அதற்குப் பெயர் வேலை. பள்ளியில் உங்களுக்குத் தற்செயல் விடுப்பாவது இருந்தது.

உங்கள் மகள் கொடுமைக்காரியும் அல்ல. இந்தியாவில் 2017 முதல் பத்துப் பேராவது வேலை செய்யும் நிறுவனப் பெண்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான சட்டம் 1993-இல் வந்தது; அது தருவது 12 வாரம், சம்பளமில்லாமல், அதுவும் எல்லோருக்கும் இல்லை. குழந்தைக் காப்பகச் செலவு சம்பளத்தில் பெரும் பகுதியைத் தின்றுவிடும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் சென்னையிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் அம்மாக்கள் ஆறு மாதத்துக்கு ஒருவராக, சம்பந்தி அம்மாவோடு முறை வைத்துக்கொண்டு பறக்கிறார்கள். மகளும் நெருக்கடியில் இருக்கிறாள், நீங்களும் இருக்கிறீர்கள். இருவரில் ஒருவர் மட்டும் அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பது அநியாயம்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் இருக்கும்போது பேசுங்கள். குறையாகப் பேச வேண்டாம். நேர அட்டவணை போடுங்கள். அது உங்களுக்குக் கைவந்த கலை. வாரத்தில் இரண்டு நாளாவது பெரியவன் பகல் பள்ளிக்குப் போகட்டும். இரவுச் சமையல் மாப்பிள்ளையுடையது. சனிக்கிழமை உங்கள் நாள்; கோயிலோ நூலகமோ, யாராவது கொண்டுபோய் விட வேண்டும். இதைக் கேட்டு மகள் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். மறுநாள் சரியாகிவிடும். நீங்கள் படுத்த படுக்கையாகிவிட்டால் சரியாகாது.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், சான் ஹோசே
கே: கார் ஓட்டத் தெரியாது. நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன செய்யலாம்?

ப: ரயில்வேக்காரருக்குப் பயணம் சொல்லித்தர வேண்டுமா? பஸ் கால அட்டவணையை எடுங்கள். மத்திய அரசின் நிதி பெறும் பேருந்துகளில், 65 வயதானவர்களுக்குக் கூட்டமில்லாத நேரத்தில் பாதிக் கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். குடியுரிமை கேட்க மாட்டார்கள். முதல் பயணம் பொது நூலகத்துக்கு. முகவரிக்கு ஆதாரம் காட்டினால் அட்டை இலவசம். பல நூலகங்களில் ஆங்கிலம் பேசிப் பழகும் கூட்டம் வாரந்தோறும் நடக்கிறது. சீனத் தாத்தாவும் மெக்சிகோ பாட்டியும் உங்களைப் போலவே வந்து உட்கார்ந்திருப்பார்கள். டொரன்டோ, சிங்கப்பூர் வாசகர்களுக்கு இன்னும் அதிர்ஷ்டம்: அங்கே பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகமே அடுக்கில் இருக்கிறது.

இல்லத்தரசி, சார்லட்
கே: பகலில் நானும் அவரும் மட்டும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஆங்கிலத்தில் பேசத் தெரியாதே?

ப: 911-ஐ அழுத்துங்கள். "தமிழ்" என்று ஒரு சொல் சொல்லுங்கள், இந்தியா என்று சேர்த்துச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் கொண்டுவரும் ஏற்பாடு அவர்களிடம் உண்டு. இணைப்பை மட்டும் துண்டித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் 911 போகாது என்பதை நினைவில் வையுங்கள். வீட்டு வைஃபையில் மட்டும் ஓடும் ஊர் போனை நம்பி இருக்க வேண்டாம். மகனிடம் சொல்லி அந்த ஊர் எண் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நேரம் இல்லையென்றால், சந்தா இல்லாத செல்போனிலிருந்தும் 911 அழைப்பை அங்குள்ள நிறுவனங்கள் கொண்டு சேர்த்தாக வேண்டும்.

பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். பெரிய எழுத்தில் வீட்டு முகவரி, அடுக்ககமானால் கதவு எண். கீழே அவர் பெயர், வயது, சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, மகன் எண், மருமகள் எண். எல்லாம் ஆங்கிலத்தில். ஆம்புலன்சில் வருகிறவர்கள் நீங்கள் பேசாமலே அதைப் படித்துக்கொள்வார்கள்.

வாசகர், லண்டன் (சொந்த ஊர் கோண்டாவில்)
கே: முப்பது வருஷத்துக்கு மேலே இங்கை வேலை செய்து ஓய்வெடுத்திட்டன். யாழ்ப்பாணம் போய் இருக்கப் போறன். பென்ஷன் அங்கையும் வருந்தானே?

ப: வரும் ஐயா. உயராது. அது தெரியாமல் வீடு விற்றுவிடாதீர்கள். பிரிட்டன் அரசு பென்ஷனை ஆண்டுதோறும் உயர்த்துகிறது. அந்த உயர்வு ஐரோப்பிய ஒன்றியத்திலோ அமெரிக்காவிலோ பிலிப்பைன்சிலோ போய் இருப்பவர்களுக்கு உண்டு. இலங்கை, இந்தியா, கனடா, ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு இல்லை. புறப்பட்ட நாளில் என்ன தொகையோ, சாகிறவரை அதேதான். ஒரு கணக்கு பாருங்கள்: புதிய பென்ஷன் முறை வந்த 2016 ஏப்ரலில் முழுத் தொகை வாரம் 155.65 பவுண்டு. அந்த ஆண்டு ஓய்வுபெற்று யாழ்ப்பாணம் போனவருக்கு இன்றும் அதுவே. லண்டனில் தங்கிவிட்டவருக்கு 2025 ஏப்ரலில் 230.25 பவுண்டு. ஒரே காலம், ஒரே அளவு சந்தா, வாரத்துக்குச் சுமார் 75 பவுண்டு வித்தியாசம். பாதிக்கப்பட்டவர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள், 2010-இல் தோற்றார்கள். இது அநியாயம் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

மருத்துவத்தையும் யோசியுங்கள். நிரந்தரமாக வெளியேறிவிட்டால் அந்த நாட்டு இலவச மருத்துவமனைச் சிகிச்சைக்கு உரிமை போகும். சேமிப்பும் சொந்த வீடும் இருந்தால் தாராளமாகப் போங்கள். பென்ஷனை மட்டும் நம்பிப் போவதானால், எண்பது வயதில் இந்தத் தொகை எதற்குக் காணும் என்று எழுதிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

வாசகி, ஸ்கார்பரோ
கே: கனடாவிலிருந்து ஊருக்குத் திரும்பினால்?

ப: உங்களுக்கான எண் 20. பதினெட்டு வயதுக்குப் பிறகு கனடாவில் இருபது ஆண்டு வசித்திருந்தால் முதியோர் பென்ஷன் யாழ்ப்பாணத்துக்கும் வரும். குறைந்தால், வெளியேறி ஆறு மாதத்தில் நின்றுவிடும். குறைந்த வருமானக்காரர்களுக்கான கூடுதல் உதவித்தொகை எப்படியும் ஆறு மாதத்தில் நின்றுவிடும். வேலை செய்து சந்தா கட்டிப் பெறும் சிபிபி எங்கிருந்தாலும் வரும். பத்தொன்பதாவது ஆண்டில் இருந்தால் பெட்டியை இப்போது கட்டாதீர்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர், பெங்களூர்
கே: பிள்ளைகள் இல்லை. வெள்ளைக்காரர்கள் தாய்லாந்தில் போய் ஓய்வு வாழ்க்கை நடத்துகிறார்கள். நாங்களும் போகலாமா?

ப: சட்டம் தடுக்கவில்லை. வயது 50 ஆக வேண்டும். தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்து இருக்க வேண்டும். நீட்டிப்பு கிடைத்த பின்னும் மூன்று மாதம் தொடக் கூடாது. அதன் பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். இதை ஆண்டுதோறும் செய்ய வேண்டும். 90 நாளுக்கு ஒரு முறை இருக்கும் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். மறுநுழைவு அனுமதி வாங்காமல் பெங்களூரில் ஒரு கல்யாணத்துக்கு வந்துவிட்டால் அத்தனையும் ரத்து. அந்த அனுமதிக்குக் கட்டணம் ஒரு முறைக்கு 1,000 பாட்தான். வேலை செய்யக் கூடாது. நிலம் உங்கள் பெயரில் வாங்க முடியாது. அடுக்ககத்தில் வெளிநாட்டவருக்கு மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை இடமுண்டு. நான் சொல்வது வாடகைக்கு இருங்கள் என்றுதான். பிடிக்காவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வரலாம்.

சியாங் மாய் நகரை எல்லோரும் புகழ்வார்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வயல்களும் காடுகளும் எரிகிற புகையில் மலையே தெரியாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. போவதானால் முதல் முறை அந்தப் புகைக் காலத்திலேயே ஒரு மாதம் இருந்து பாருங்கள். நல்ல மாதத்தில் பார்த்து முடிவு செய்தவர்கள் மார்ச்சில் வருந்துகிறார்கள். பாங்காக் என்றால் சீலோம் சாலையில் நம் ஆட்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. தமிழ்க் குரல் கேட்கும்.

பிள்ளைகள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் படுத்தால் மற்றவர் தனியாக அந்நிய மொழியில் ஆஸ்பத்திரியை எதிர்கொள்ள வேண்டும். இதற்கு விடை தெரிந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலர், ஃப்ரீமாண்ட்
கே: கிரீன் கார்டு வந்ததும் இந்திய வைப்புத்தொகை பற்றி அமெரிக்காவுக்கு ஏன் சொல்ல வேண்டும்?

ப: கிரீன் கார்டு கைக்கு வந்ததும் வரிக் கண்ணில் நீங்கள் அமெரிக்கவாசி. இந்திய வட்டி, வாடகை, பென்ஷன் எல்லாம் அங்கே வரிக் கணக்கில் காட்ட வேண்டியவை. இந்தியக் கணக்குகள் அத்தனையும் சேர்த்து ஆண்டில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் படிவம் கொடுக்க வேண்டும்; மகளோடு கூட்டாக வைத்திருக்கும் கணக்கும் அதில் சேரும், அவளும் தனியாகக் கொடுக்க வேண்டும். வரி விழாவிட்டாலும் படிவம் கட்டாயம். விட்டால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலரில். இந்தியப் பக்கமும் வேலை உண்டு: சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். உங்கள் வீட்டில் குடியிருப்பவர் வாடகையில் வரி பிடித்துத்தான் தர வேண்டும். இரண்டு நாட்டு விதியும் தெரிந்த ஆடிட்டருக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

வீட்டுக்காரர், திருச்சியிலிருந்து சிட்னி
கே: வீட்டையும் மனையையும் பார்த்துக்கொள்ள அண்ணன் மகனுக்குப் பவர் கொடுக்கலாமா?

ப: கொடுக்கலாம். விற்கும் அதிகாரத்தை மட்டும் கொடுக்காதீர்கள். வாடகை வாங்க, வரி கட்ட, மின் இணைப்பைப் பார்க்க என்று வேலையை வரி வரியாக எழுதுங்கள். அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பினால், இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பலர் இதைத் தவறவிட்டுப் பத்திரத்தைப் பயனில்லாததாக்கிவிடுகிறார்கள். தமிழகப் பதிவுத்துறை இணையதளத்தில் ஆண்டுக்கு ஒரு முறையாவது வில்லங்கம் போட்டுப் பாருங்கள். சிட்னியிலிருந்தே பார்க்கலாம், செலவில்லை.

பெயரில்லாத கடிதம், டெட்ராய்ட்
கே: இங்கேயே கண்ணை மூடிவிட்டால்? பிள்ளைகளிடம் இதைப் பேச முடியவில்லை.

ப: கேட்டது நல்லது. உடலை ஊருக்குக் கொண்டுவரலாம். இறப்புச் சான்றிதழ், உடல் பதப்படுத்திய சான்று, தொற்றுநோய் இல்லை என்ற சான்று, பாஸ்போர்ட் ஆகியவற்றோடு துணைத் தூதரகத்தை அணுகினால் அனுமதிக் கடிதம் தருவார்கள். செலவு பெரியது, உங்கள் காப்பீட்டில் உடலை அனுப்பும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அங்கேயே தகனம் செய்து அஸ்தியை எடுத்து வருவது பலர் தேர்ந்தெடுக்கும் வழி. அப்போது கலசம் மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். உலோகக் கலசத்துக்குள் என்ன இருக்கிறது என்று விமான நிலைய ஸ்கேனரில் தெரியாது. திறந்து பார்க்கவும் மாட்டார்கள், ஏற்றவும் மாட்டார்கள். எது உங்கள் விருப்பம் என்று ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட் இருக்கும் உறையிலேயே வையுங்கள். பிள்ளைகளோடு பேச முடியாவிட்டால் அந்தத் தாள் பேசும். ஊரில் சொத்து இருந்தால் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு உயிலும் எழுதிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற கூட்டுறவுத்துறை அலுவலர், திருநெல்வேலி
கே: அடுத்த மாதம் நானும் மனைவியும் மகனிடம் போகிறோம். விசா, காப்பீடு, சிம் கார்டு எல்லாம் ஆயிற்று. விட்டுப்போனது ஏதும் உண்டா?

ப: உங்கள் கடிதத்தில் கணக்கு எண் எல்லாம் உங்கள் பெயரில் இருக்கிறது. மனைவிக்கு ஒன்றும் இல்லை. உங்களுக்குத் திடீரென்று ஏதாவது ஆகிவிட்டால், அந்நிய ஊரில் அந்த அம்மா ஒரு டிக்கெட் போடக்கூட மகனிடம் கேட்க வேண்டியிருக்கும். பென்ஷன் ஆணையில் அவர் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். குடும்ப ஓய்வூதியம் அதை வைத்துத்தான் வரும். பென்ஷன் கணக்கை இருவரில் எவரும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். அவர் பெயரில் தனியாக ஒரு கணக்கு தொடங்கி, திரும்பி வரும் டிக்கெட்டுக்குப் போதுமான பணத்தைப் போட்டு வையுங்கள். ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் அவர் கையில் இருக்கட்டும். ஒரு மாதம் இருக்கிறது. இந்த வாரமே இருவரும் சேர்ந்து வங்கிக்குப் போய் வாருங்கள்.